லேப்டாப்பை ஃபார்மட் பண்ணாதே

மச்சான்,

பாப்பா லேப்டாப்பை மொத்தமா அழிச்சுட்டு லினக்ஸ் போடப் போறியாமே. கேரம் கிளப்பு வாத்தியார் யோசனையா? அவர் பேச்சைக் கேட்டு நாம பட்டதெல்லாம் மறந்துபோச்சா? பதில் லேட்டுதான், திட்டிக்கோ. அத்தைக்கு முட்டி வலி எப்படி?

விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், உள்ளயே உபுண்டுங்கற லினக்ஸ் ஓடும்; அதுக்கு விண்டோஸ்லயே டபிள்யூஎஸ்எல்னு ஒரு வசதி இருக்கு. முதல்ல டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கம் பாரு. வர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்டு'ன்னு இருக்கணும். இல்லன்னா பயாஸ்ல, அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ்ல, ஆன் பண்ணு; இன்டெல்னா 'விடி-எக்ஸ்', ஏஎம்டின்னா 'எஸ்விஎம்'. இதை விட்டுட்டு இறங்கினா 0எக்ஸ்80370102ன்னு எரர் அடிக்கும். அப்புறம் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' அடி, ரீஸ்டார்ட் பண்ணு. உபுண்டு யூசர் பேர் கேக்கும்; சின்ன எழுத்துல, இடைவெளி இல்லாம குடு. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில புள்ளிகூட வராது. கீபோர்டு போச்சுன்னு ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடிடாதே.

அடுத்து 'சூடோ ஆப்ட் அப்டேட்'. பின்னாடியே 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் கிட் பைதான்3-வென்வ்'. சி ப்ரோகிராமுக்கு வேண்டிய ஜிசிசி, மேக் ரெண்டும் அதுலயே வந்துடும். பைதான் லைப்ரரியை பிப்ங்கற இன்ஸ்டாலர்ல நேரா போடப் பார்த்தா உபுண்டு 24.04 விடாது. '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' சேர்த்துக்கோன்னு எவனாவது சொல்வான். அது என்ன செய்யும்னு பேர்லயே இருக்குடா! ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வென்வ், அதான் லைப்ரரி போட தனி இடம், அவ்வளவுதான்.

எல்லாரும் மாட்டிக்கிறது வேற இடத்துல. பாப்பா ஃபைலை எங்க வைக்கிறா? டெஸ்க்டாப்புல வெச்சுட்டு உபுண்டுல இருந்து 'எம்என்டி' வழியா சி டிரைவைத் தொட்டா, ஒவ்வொரு ஃபைலும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல நின்னுதான் வரும். உபுண்டுக்குத் தனி டிஸ்க், தனி ஃபைல் சிஸ்டம். விண்டோஸ் பக்கம் வரணும்னா நடுவுல ஒரு மொழிபெயர்ப்பு நடக்கணும். 'கிட் ஸ்டேட்டஸ்' அடிச்சாலே எவ்வளவு மெதுவுன்னு தெரியும். திறந்ததும் சில சமயம் சி டிரைவ்லயே நிக்கும். வெறும் 'சிடி' அடிச்சா ஹோமுக்கு, அதான் உபுண்டுல அவளோட சொந்த ஃபோல்டருக்கு, போயிடும். எல்லாம் அங்கயே இருக்கட்டும். விண்டோஸ்ல பாக்கணும்னா அங்க இருந்தே 'எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ', ஒரு இடைவெளி, ஒரு புள்ளி.

நோட்பேட்ல ஸ்கிரிப்ட் எழுதினா இன்னொரு வம்பு. வரிக் கடைசியில விண்டோஸ் ஒரு எழுத்தைக் கூடுதலா வைக்கும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணெதிர்ல இருக்கற ஃபைலை 'நோ சச் ஃபைல்'னு, உபுண்டுல நாம அடிக்கற கட்டளையை வாங்கற பேஷ் சாதிக்கும். 'டாஸ்2யுனிக்ஸ்' போட்டு ஓட்டினா சரியாகும். விஎஸ் கோடுன்னா கீழ வலது மூலையில சிஆர்எல்எஃப்பை எல்எஃப்னு மாத்து.

8 ஜிபி மெஷின்ல பாதி ரேம் வரைக்கும் உபுண்டு எடுத்துக்கும். விண்டோஸ் யூசர் ஃபோல்டர்ல '.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்'னு ஃபைல் வெச்சு, '[டபிள்யூஎஸ்எல்2]'க்குக் கீழ 'மெமரி=3ஜிபி'ன்னு எழுது. சேவ் பண்றப்போ 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடு, இல்லன்னா நோட்பேட் வால்ல '.டிஎக்ஸ்டி' ஒட்டிடும், ஃபைலை எதுவும் சீண்டாது. கடைசியா 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்'.

இது மட்டும் விளையாட்டில்ல, மச்சான். ஏதாவது சிக்கல்னா 'டபிள்யூஎஸ்எல் --அன்ரிஜிஸ்டர்' பண்ணிட்டு மறுபடி போடுன்னு சொல்வாங்க. அது 'நிச்சயமா?'ன்னு ஒரு வார்த்தைகூட கேக்காது. ஹோம்ல இருக்கற அவ ரெக்கார்டு ப்ரோகிராம் அத்தனையும் போயிடும், ரீசைக்கிள் பின்லயும் தேட முடியாது. வாரத்துக்கு ஒருதடவை 'டபிள்யூஎஸ்எல் --எக்ஸ்போர்ட்'ல உபுண்டு மொத்தத்தையும் ஒரே டார் ஃபைலா எடுத்து பென்டிரைவ்ல வை.

லேப்டாப்புல ரெண்டாவது ரேம் ஸ்லாட் இருக்கான்னு பார்த்து எழுது. இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிடலாம், தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா கவர்ன்மென்ட் எஸ்டேட்ல இறங்கிக்கலாம். டீ உன் செலவு.