பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது

ஆசிரியருக்கு,

ஏட்ரியன் லைன் இயக்கிய 'இன்டீசன்ட் ப்ரபோசல்' (1993) படத்தைக் கற்பு பற்றிய படம் என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது கடன் பற்றிய படம்.

கணக்கைப் பாருங்கள். கணவன் கட்டடக் கலைஞர், மனைவி வீடு விற்கும் தரகர். தொழில் மந்தத்தில் இருவர் வருமானமும் படுத்துவிடுகிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீடு கைவிட்டுப் போகாமலிருக்க 50,000 டாலர் வேண்டும். அப்பாவிடம் வாங்கிய 5,000 டாலரோடு லாஸ் வேகஸுக்குச் சூதாடப் போகிறார்கள். முதல் நாள் இரவு கை நிறைகிறது. மறுநாள் சுத்தமாகத் துடைத்துப் போகிறது. இதில் விதி ஒன்றுமில்லை. பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 38 குழிகள். ஒற்றை எண்ணில் ஜெயித்தால் கிடைப்பதோ 35 மடங்குதான். 100 டாலர் கட்டினால் சராசரியாக 5 டாலருக்கு மேல் சூதாட்ட விடுதிக்கே. ஒரு சுற்றில் ஜெயிக்கலாம், உட்கார்ந்தே இருந்தால் முடியாது.

பிறகுதான் ஒரு கோடீசுவரர் மனைவியோடு ஓர் இரவுக்குப் பத்து லட்சம் டாலர் பேரம் பேசுகிறார். வக்கீல் வைத்து ஒப்பந்தமும் எழுதுகிறார்கள்! லாஸ் வேகஸ் அடங்கிய கிளார்க் கவுன்டியில் பாலியல் தொழில் சட்டவிரோதம். அந்தக் காகிதத்தை எந்த நீதிமன்றமும் செல்லுபடியாக்காது. நம் ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 23-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. காலையில் அவர் கையை விரித்திருந்தால் தம்பதி வழக்குப் போட வழியில்லை.

பணம் வந்து சேர்வதற்குள் வீடு கட்டிய நிலமும் கைமாறிவிடுகிறது. படத்தின் கூர்மையான இடம் அதுதான். அதற்குப் பிறகு வரும் பொறாமைக் காட்சிகள் வெறும் இழுவை.

— ஒரு வாசகர்