ஒரு அடையாறு வாங்கிக் கொடுங்க

ஐயா,

29சி பேருந்தில் லஸ் முனையில் ஏறி, 'ஒரு அடையாறு வாங்கிக் கொடுங்க' என்று காசை நீட்டினால், நாலைந்து கை மாறி நடத்துநரிடம் போகும். அதே வழியில் டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் திரும்பி வரும். எனக்கு ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. அந்த மெல்லிய தாளை மடித்துக் கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொள்வேன்.

2016-இல் வந்த யுபிஐ இப்போது பேருந்துக்குள்ளும் வந்துவிட்டது. சில்லறைத் தகராறு குறைந்ததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் சென்ற வாரம் ஒரு பெரியவர் 100 ரூபாய்த் தாளோடு தவித்தார். கையில் பட்டன் போன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் தன் போனில் கட்டிவிட்டு, 'பரவாயில்லை தாத்தா' என்றார். இவரைப் போன்றவர்களுக்காக, நடத்துநர்களுக்குக் காலையிலேயே போதிய சில்லறை கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை