உயரம் மாறினால் ஜீரோ கெடுமா?

ஆசிரியருக்கு,

மலைப்பகுதியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போனதுமே, ஜீரோ (ஸ்கோப் எனும் குறிநோக்கி காட்டும் புள்ளியிலேயே தோட்டா படும்படி செய்த அமைப்பு) கெட்டுவிடும் என்று ரைஃபிளின் ஸ்கோப்பைத் திருகத் தொடங்குகிறார்கள் பலர். அவசரமே வேண்டாம். 15 டிகிரி செல்சியஸில், கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ, 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 1.02 கிலோ. காற்று மெலிந்தால் தோட்டாவின் வேகம் குறைவது மட்டுப்படும், அது சற்று மேலே படும். ஆனால் 100 மீட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நீண்ட தூரங்களில்தான் அது சென்டிமீட்டர் கணக்கில் பேசும்.

உண்மையான தவறு வேறிடத்தில் நடக்கிறது. செய்தித்தாளின் வானிலைப் பகுதியில் வரும் காற்றழுத்தம் கடல் மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. 1,500 மீட்டரில் நிஜ அழுத்தம் 845 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்க, 1,013 என்று தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் கணிப்பானில் போட்டால் விடை அடர்ந்த காற்றுக்கானது. நீண்ட தூரத்தில் தோட்டா குறிக்கு மேலே போய்விடும். சுடும் இடத்திலேயே கருவியால் அளந்த அழுத்தத்தைக் கொடுங்கள். அதைக் கொடுத்தபின் உயரத்தையும் சேர்த்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை ஏறிவிடும்.

ஈரக்காற்று கனமானது என்பதும் தவறு. அது உலர்காற்றைவிட லேசானது, விளைவும் சொற்பம். வெயிலில் கிடக்கும் தோட்டாப் பெட்டிதான் கவலைக்குரியது: உள்ளிருக்கும் வெடிமருந்து சூடேறினால் தோட்டாவின் வேகமே கூடும். நிழலில் வையுங்கள். சூடான குழலுக்குள் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

100 மீட்டரில் குளிர்ந்த குழலோடு ஐந்து சுற்று சுட்டும் குறி விலகினால், பயணத்தில் தளர்ந்த ஸ்கோப் திருகாணிகளை முதலில் சோதியுங்கள்.

— வாசகர்