உன் அக்கா மகனோட ரங்கூன் ஆசை

மாப்ள, நல்லா இருக்கியா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உன் மெசேஜ் வந்து நாளாச்சு, இங்க கரண்ட் எப்ப வருதோ அப்பதான் போனுக்கு சார்ஜ், அதான் லேட்டு. பெரியவன் என்கூட பருப்பு யாவாரத்துல இருக்கான். சின்னவன் 2024ல மிலிட்டரிக்கு கட்டாயமா ஆள் எடுக்கற சட்டம் அமலுக்கு வந்ததும் பாங்காக் கிளம்பிட்டான், வீடியோ கால்ல பாத்துக்கறதோட சரி.

உன் அக்கா மகன் விஷயத்துக்கு வரேன். போதைப்பொருள் தடுப்புல இருக்கவன், லையசன் ஆபீசரா வெளிநாட்டு போஸ்டிங் கிடைச்சா ரங்கூனையே கேக்கலாமான்னு யோசிக்கறானாமே. தாராளமா கேக்கட்டும், நம்ம வீடு இருக்கு, சாப்பாட்டுக்கு பஞ்சமில்ல. ஆனா பர்மா கிழக்குல அபின் விளையற ஷான் மலைக்குள்ள போய் அபின் காட்டை அழிக்கப் போறேன்னு நெனப்பு இருந்தா இப்பவே கலைச்சு விட்டுடு. அடுத்த நாட்டு ஆபீசர் இங்க ஒருத்தனைக்கூட அரெஸ்ட் பண்ண முடியாது. தகவல் கேக்கணும், தகவல் குடுக்கணும், உள்ளூர் போலீஸோட டீ குடிச்சு பழகணும், அதான் உத்தியோகமே. அதுலயும் சொந்த ஆளுங்களே முட்டுக்கட்டை போடுவாங்க. 90கள் ஆரம்பத்துல இங்க இருந்த அமெரிக்க போதை தடுப்பு ஆபீசர் ரிச்சர்ட் ஹார்ன், தன் போன் பேச்சை தன் நாட்டு ஆளுங்களே ஒட்டுக்கேட்டாங்கன்னு கேஸ் போட்டு, அது பதினஞ்சு வருஷம் இழுத்து, கடைசில அவங்க கவர்மென்ட் 30 லட்சம் டாலர் குடுத்து முடிச்சுது.

அதுக்காக அந்த உத்தியோகமே தெண்டம்னு சொல்லல. 2021 ஜனவரில சே சி லோப்ங்கறவனை ஆம்ஸ்டர்டாம் ஏர்போர்ட்ல பிடிச்சாங்களே, இந்தப் பக்கத்து போதை சரக்கு பூரா அவன் கைலதான்னு பேச்சு, ஆஸ்திரேலியா போலீஸ் கேட்டு டச்சுக்காரன் பிடிச்சது. நாலு நாட்டுல ஆள் உட்கார்ந்து பழகி வச்சாதான் அப்படி நடக்கும்.

ஆனா மலைல ஒண்ணும் மாறல, அபின் விளைஞ்சுட்டேதான் இருக்கு. 2022ல ஆப்கானிஸ்தான்ல தாலிபான் அபினுக்கு தடை போட்டதும் அங்க விளைச்சல் படுத்துடுச்சு, மறு வருஷமே உலகத்துலயே பர்மா முதலிடம், 1,080 டன்னுன்னு ஐ.நா. கணக்கு. 2025ல அபின் பயிர் 53,100 ஹெக்டேர், பத்து வருஷத்துல இல்லாத அளவு. ஏன்னு எனக்கு நல்லா தெரியும் மாப்ள. ஷான் பக்கத்து ஊரான டவுஞ்சில மக்காச்சோளம் வாங்கிட்டு இருந்தேன்ல, அங்க சம்சாரி ஒரு மூட்டைய ரோட்டுக்கு கொண்டு வர்றதுக்குள்ள லாரி வாடகையும் ஒவ்வொரு செக்போஸ்ட் கேட்லயும் அழுவுற காசும் பாதிய தின்னுடும். அபின் வாங்கறவனோ முன்பணத்தோட வாசலுக்கே வரான். சாயங்காலம் காய்ல கோடு கோடா கீறி விடறாங்க, ராத்திரி பால் கசிஞ்சு காலைல பழுப்பா ஒட்டிட்டு நிக்கும், தகட்டால வழிச்சு இலைல சுத்தி வச்சா வருஷக்கணக்குல கெடாது. என் உளுந்துல மூணு மாசத்துல வண்டு வந்துடுது!

இன்னொன்னு, அபினை ஹெராயினாக்க அசெட்டிக் அன்ஹைட்ரைடுன்னு ஒரு கெமிக்கல் வேணும், அது மலையில விளையற சாமான் இல்ல, வெளிய இருந்துதான் வரணும். உங்க ஊர் சளி மாத்திரைல இருக்கற சூடோஎபெட்ரின்ங்கற மருந்து மணிப்பூர் எல்லைல இருக்கற மோரே, மிசோரம் வழியா இந்தப் பக்கம் வந்து, போதை மாத்திரையா திரும்ப உங்களுக்கே போகுது. கடல் வழி வேற, 2024 நவம்பர்ல அந்தமான் பக்கம் ஒரு பர்மா படகுல 5,000 கிலோவுக்கு மேல மெத்துங்கற போதைப்பொருளை பிடிச்சாங்களே. அதனால பையன் இங்க வந்தா பாதி வேலை டில்லிக்கு போன் போட்டு, நம்ம கம்பெனி மருந்து எங்க போகுதுன்னு பாருங்கய்யான்னு கத்தறதாதான் இருக்கும். அது மேலிடத்துக்கு இனிக்குமான்னு அவனே யோசிச்சுக்கட்டும்.

அப்புறம் இப்பவே பர்மீஸ் பேச ஆரம்பிக்கச் சொல்லு, உன் அக்காவுக்கு இன்னும் மறந்திருக்காது. தூதரகமே வீடு குடுத்துட்டா சரி, இல்லன்னா இங்க ஆறு மாச வாடகைய மொத்தமா முன்னாடியே வாங்கிடறாங்க, ஜெனரேட்டர் இருக்கற பில்டிங்னா இன்னும் ஜாஸ்தி. எந்த மாசம்னு தெரிஞ்சதும் சொல்லு, புரோக்கர்கிட்ட பேசி வைக்கறேன்.