அம்மாவின் அறுபதும் சுவோன் கல்பியும்

அன்புள்ள ஜெபா,

உன் கடிதம் வந்தபோது அம்மாவும் அப்பாவும் இங்கே கொரியாவில் என்னோடுதான் இருந்தார்கள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா வாங்கி முழுக்கப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதைப் படித்து "அய்யோ, பாவம் பய" என்றாள். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்லிவிடு.

சாப்பாட்டுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். காலையும் இரவும் வீட்டில் நம் சமையல்தான். ஊரிலிருந்தே நல்லமிளகும் மீன்புளியும் அம்மா கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் ஒரு நாள் வெளியே போய்ச் சாப்பிட்டோம். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு இந்த அக்டோபரில் அறுபது முடிந்தது. நம் ஊரில் அறுபது என்றால் வீட்டு ஆண்களுக்குத்தான் விழா. அப்பாவுக்கு அறுபது வந்தபோது பந்தல் போட்டு, ஜெபம் வைத்து, ஊரையே கூப்பிட்டோம். நீதானே பந்தியில் நின்று பரிமாறினாய். அன்றைக்கு அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. இங்கே கொரியாவில் அறுபது நிறைவது வழிவழியாக ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய விஷயம். நம்முடைய பிரபவ, விபவ என்று சுற்றி வருகிற அறுபது ஆண்டுக் கணக்கு போலவே இவர்களிடமும் ஒன்று உண்டு. அந்தச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே மறுபடி வருகிறது. அதனால்தான் அந்த விருந்து.

நான் இருக்கிற சுவோன் ஊருக்கே இதில் ஒரு கதை இருக்கிறது. பழைய ஊரைச் சுற்றி நிற்கிற ஹ்வாசொங் கோட்டையை ஜொங்ஜோ என்ற அரசர் 1794 முதல் 1796 வரை கட்டினார். அவருடைய அப்பா இளவரசராக இருந்தபோதே, 1762இல், பெற்ற தகப்பனான அரசரின் கட்டளையால் ஒரு அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டுச் செத்தவர். மகன் பட்டத்துக்கு வந்தபின் அப்பாவின் கல்லறையை இந்தப் பக்கம் மாற்றினார். 1795இல் தன் அம்மாவின் அறுபதுக்காக, அவரைத் தலைநகரிலிருந்து பெரிய ஊர்வலமாக இங்கே அழைத்து வந்து, கோட்டைக்குள் இருக்கிற அரண்மனையில் விருந்து வைத்தார். எட்டு நாள் பயணம் அது. நாங்கள் வெளியே சாப்பிடப் போன அன்று காலை அந்த அரண்மனை முற்றத்தில் நின்று இதை நான் சொல்லச் சொல்ல, அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொம்பள அத்தனை வருஷம் எப்படிப் பொறுத்துக்கிட்டு இருந்தா?" அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள்.

மத்தியானம் கல்பி சாப்பிடக் கூட்டிப்போனேன். கல்பி என்றால் மாட்டு விலா எலும்புக் கறி. சுவோன் அதற்குப் பேர் போன ஊர். முன்பு இங்கே பெரிய மாட்டுச் சந்தை நடந்ததுதான் காரணம் என்பார்கள். மற்ற இடங்களில் சோயா சாற்றில் ஊறவைப்பார்கள்; சுவோன் முறையில் உப்புதான் முக்கியம். கூடவே பூண்டு, நல்லெண்ணெய், பேரிக்காய்ச் சாறு. துண்டுகளும் பெரிசு. எலும்போடு ஒட்டியிருக்கிற கறியைச் சுருளாக மடித்துக் கொண்டுவந்து, அடுப்பில் போடும்போது விரிக்கிறார்கள்.

மேஜைக்கு நடுவில் குழி. அதில் கனல் மின்னுகிற கரிச்சட்டியைக் கொக்கியால் தூக்கிவந்து இறக்கினார்கள். மேலே கம்பி வலை. புகையை உறிஞ்ச மேலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. அதை இழுத்துக் கறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கறி வருவதற்குள் மேஜை நிறைந்துவிட்டது. கிம்சி என்கிற கோஸ் ஊறுகாய், முள்ளங்கி ஊறுகாய், வெங்காயத்தாள் கலவை, கீரை, பூசணி, நண்டு என்று சின்னச் சின்னக் கிண்ணங்கள். தீரத் தீர மறுபடி கொண்டுவந்து வைப்பார்கள், தனிக் காசு இல்லை. அப்பாவுக்கு அது நம்பமுடியவில்லை. நண்டுக் கிண்ணம் மறுபடி நிறைந்து வந்தபோது "கணக்குல சேர்த்திருவாங்களோ?" என்று என் காதில் கேட்டார்.

பரிமாற வந்தவர் அம்மா வயதுக்காரர். இன்று அம்மாவுக்கு அறுபது என்று அவரிடம் சொன்னேன். உடனே அம்மாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அம்மாவும் எழுந்து கைகூப்பினாள். கறி முக்கால் வெந்ததும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, பெரிய கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று துண்டு போட்டார். அடுக்களையில் கத்தரிக்கோல் என்றால் மீனின் செவுளை வெட்ட மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் துண்டு எங்கே போனது தெரியுமா? அப்பாவின் தட்டைத் தாண்டி நேராக அம்மா தட்டுக்கு.

அம்மா வழக்கம்போல அதை எடுத்து அப்பா தட்டில் வைக்கப்போனாள். அந்தப் பெண்மணி கையைத் தடுத்து, நீங்கள் சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். இங்கே மேஜையில் மூத்தவர் வாயில் வைத்தபிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். வயதில் அப்பா மூத்தவர் என்றாலும், அன்றைக்கு எங்கள் மேஜைக்கு மூத்தவள் அம்மாதான். நானும் அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவள் மென்று முடித்து, "நல்லா வெந்திருக்கு, நாரே இல்ல. என்ன போட்டாங்க?" என்றாள். பேரிக்காய் என்றேன். "ஓ, நம்ம பப்பாளிக்காய் வேலையை இது பார்க்குதா" என்று அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

இலையில் வைத்துச் சாப்பிடுவதில் அப்பா எங்களை மிஞ்சிவிட்டார். உள்ளங்கையில் லெட்யூஸ் இலையை விரித்து, அதன்மேல் கறி, பச்சைப் பூண்டு, மிளகாய்த் துண்டு, சம்ஜாங் என்கிற சோயா விழுது எல்லாம் வைத்து, மடித்து ஒரே வாயில் போடவேண்டும். அப்பாவின் விரல்கள் வெற்றிலை மடித்துப் பழகியவை அல்லவா? ஒரு துளி சிந்தவில்லை. லேசாகச் சோம்பு வாசம் அடிக்கிற இன்னொரு இலையும் தருவார்கள். அதைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கினார். கறி முடிந்தபின் குளிர்ந்த நூடுல்ஸ் வந்தது. ஐஸ் மிதக்கிற குழம்பு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குச் சோறும் சோயா விழுதுக் குழம்பும் வாங்கினேன்.

ஜெபா, எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அம்மா எங்களோடு உட்கார்ந்து, சூடாக, முதல் வாய் சாப்பிட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் அவள் எப்போதும் அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் நிற்பவள். எல்லாரும் கை கழுவினபிறகு சட்டியில் ஒட்டினதை வழித்துச் சாப்பிடுபவள். நாம் யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லைதான், ஆனால் உட்கார் என்றும் சொல்லவில்லையே. இந்த ஊர்க்காரர்கள் அடுப்பைத் தூக்கி மேஜை நடுவில் வைத்துவிட்டார்கள். சமைக்கிறவர் எழுந்துபோக இடமே இல்லை. சுட்டது சுடச்சுட எல்லார் தட்டிலும் விழுகிறது, பேச்சும் நிற்காமல் ஓடுகிறது. அம்மா தன் கல்யாணத்துக்கு முந்தின கதையெல்லாம் அன்றைக்குச் சொன்னாள். குளச்சலில் அவள் தாத்தா கருவாட்டு வியாபாரம் பார்த்ததை நான் கேட்டதே இல்லை.

செலவு கொஞ்சம் அதிகம்தான். கொரிய நாட்டு மாட்டுக்கறி எப்போதுமே விலை கூடியது. அதற்கென்ன, இதற்குச் செலவழிக்காமல் வேறு எதற்கு?

அவர்கள் ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள், நீயும் பார்த்திருப்பாய். அம்மா இங்கே ஒரு இடுக்கியும் கத்தரிக்கோலும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முற்றத்தில் கரிபோட்டுச் சுடப்போகிறாளாம். உன்னையும் சாந்தியையும் பிள்ளைகளையும் கூப்பிடச் சொன்னாள். சிரட்டைக்கரி உன் வீட்டில் நல்லதாக இருக்கும், ஒரு சாக்கு கொண்டுபோ. மார்த்தாண்டம் சந்தையில் விலாக்கறிக்கு முந்தின நாளே சொல்லிவை. ஆனால் மக்கா, இடுக்கியை மட்டும் அம்மா கையில் கொடுத்துவிடாதே. நீ பிடி. அவளை நாற்காலியில் உட்காரவை.

அன்புடன்,
ராஜன்
சுவோன்