லான்சரோட்டே போகும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு ஸ்பெயின் நாட்டின் கனேரித் தீவுகளுக்குப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அத்தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில் ஹமேயோஸ் டெல் அகுவா குகைக்குள் இறங்கும்போது, அங்குள்ள குளத்தில் தயவுசெய்து காசு போடாதீர்கள்.

ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் காசை எறிந்து கும்பிட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். தண்ணீரைக் கண்டால் கை தானாகவே பைக்குள் போகும். மற்ற நாட்டுப் பயணிகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் போடக்கூடாது என்று அங்கே எச்சரிக்கிறார்கள். காரணம் தெரிந்தால் யாரும் போடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அந்தத் தெளிந்த நீருக்கு அடியில், கறுத்த பாறைமேல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். உற்றுப் பாருங்கள், அவை மெல்ல நகரும். ஓரிரு சென்டிமீட்டர் நீளமே உள்ள குருட்டு நண்டுகள் அவை. ஊர்க்காரர்கள் ஹமேயித்தோ என்பார்கள். பார்வையும் இல்லை, உடலில் நிறமும் இல்லை. இதன் நெருங்கிய உறவினங்கள் பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்பவை. இதுவோ லான்சரோட்டேயைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

கொரோனா எரிமலையின் குழம்பு ஓடிய பாதைதான் அந்தக் குகை. தரைக்கடியில் சுமார் 6 கிலோமீட்டர் வந்து, அதற்கப்புறம் கடலுக்கடியிலும் நீள்கிறது. குளத்தில் இருப்பது பாறை வழியே கசிந்து வரும் கடல்நீர். அலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப அதன் மட்டமும் ஏறி இறங்கும். ஆனால் கடல் நேரே வந்து அலசிவிட்டுப் போக வாசல் இல்லை.

அந்த உப்பு நீரில் காசு கிடந்தால் அரிக்கும். 10, 20, 50 சென்ட் காசுகளில் நூற்றுக்கு 89 பங்கு செம்பு. 1, 2, 5 சென்ட் காசுகளுக்கு மேற்பூச்சே செம்புதான். நண்டு, இறால் வகைகளுக்குக் கரைந்த செம்பு விஷம். ஒருவர் போடுவது ஒரு காசுதான், சரி. ஆனால் வருகிறவர்கள் எத்தனை பேர்!

1960களில் சேசர் மன்ரிக்கே என்ற கலைஞர் அந்தக் குகையை மக்கள் வந்து பார்க்கும் இடமாக ஆக்கினார். அதனால்தான் இந்த உயிரை நம்மால் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிகிறது. போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பிளாஷ் போடாமல், சத்தம் போடாமல் பாருங்கள். சன்ஸ்கிரீன் பூசிய கையைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம்.

குழுவாக அழைத்துப் போகிற அண்ணன்மார், அக்காமார் இதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் சொன்னால், அதற்குள் யாராவது ஒரு பிள்ளை காசை எறிந்திருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்