வெளிநாட்டு காட்டுப் பூனைகள் வளர்ப்பு: பதிவை நேர்ல வந்து சரிபார்க்கக் கோரி மனு

பெறுநர்: தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: செர்வல் (ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை), பூமா (அமெரிக்கக் கண்டத்துப் பெரிய காட்டுப் பூனை) மாதிரி விலங்குகளை வீட்ல வெச்சிருக்கறவங்களுக்கு நேரடி சோதனை இல்லாம பதிவு தரக்கூடாதுன்னு கேட்டு.

ஐயா வணக்கம்,

நம்ம ஊர் சிறுத்தையை ஒருத்தர் வீட்ல அடைச்சு வெச்சா அது வனவிலங்குச் சட்டத்துல அட்டவணை 1, மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே குறைஞ்சது 25,000 ரூபா அபராதம். அதே ஆள் ஆப்பிரிக்க செர்வலை வெச்சிருந்தா அது அட்டவணை 4, பரிவேஷ் 2.0ங்கற மத்திய அரசு போர்ட்டல்ல பதிவு பண்ணிட்டு வெச்சுக்கலாம். ரெண்டும் காட்டுல வேட்டையாடித் தின்னுற ஜீவன்தான், எந்தக் கண்டத்துல பொறந்துச்சுங்கறதுதான் வித்தியாசம்.

2020 ஜூன்ல மத்திய அரசு ஒரு அறிவிப்பு விட்டுச்சு, இந்த மாதிரி வெளிநாட்டு விலங்கு வெச்சிருக்கறதை ஆறு மாசத்துக்குள்ள தானா முன்வந்து சொன்னா பேப்பர் எதுவும் கேக்க மாட்டோம்னு. அப்புறம் 2022ல வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1ல அது அமலுக்கு வந்துச்சு, 2024 பிப்ரவரில பதிவு விதிகளும் வந்துச்சு. இதெல்லாம் நல்லதுதான், குறை சொல்லல. ஆனா பேப்பர் கேக்காம உள்ள வந்த ஒரு ஜோடி இருந்தா போதும், நாளைக்கு ஏர்போர்ட் வழியா திருட்டுத்தனமா வர்ற குட்டியையும் "எங்க வீட்லயே பொறந்தது சார்"னு கணக்குல சேர்த்துடலாமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

திருட்டுத்தனமா வருதான்னு கேட்டா, 2019 பிப்ரவரில பாங்காக்ல இருந்து சென்னைக்கு வந்த பயணியோட பெட்டிக்குள்ள சிறுத்தைக் குட்டி கிடந்துச்சு, ஒரு மாசக் குட்டி, எடை ஒரு கிலோ சொச்சம், வண்டலூர் பூங்காவுக்குத்தான் கொண்டு வந்தாங்க. (சிறுத்தை இருக்கற நாட்டுக்கே சிறுத்தையைக் கடத்திட்டு வர்றாங்கன்னா வாங்கற ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு பாத்துக்கங்க.)

இன்ஸ்டாகிராம்ல பாக்க செர்வல் அழகாத்தான் இருக்கு. ஆனா பறக்கற பறவையை எகிறிப் பிடிக்க நீளக் கால் வெச்சுப் பொறந்த மிருகம் அது, அதை ஃபிளாட்ல விட்டா சோஃபா, சுவரு எல்லாத்துலயும் மூத்திரம் பீச்சி இது என் இடம்னு சொல்லும், அதோட குணம் அது. எலும்பில்லாத சிக்கனை மட்டுமே போட்டு வளர்த்தா கால்சியம் இல்லாம குட்டியோட கால் வளைஞ்சு எலும்பு தானா முறியும். அதுக்கப்புறம் வேண்டாம்னு எங்க கொண்டு போய் விடுவாங்க? பாங்காக்ல இருந்து வந்ததைக் காட்டுல விடவும் முடியாது.

மத்த நாடுகள் பட்டுதான் திருந்துச்சு. லண்டன்ல 1969ல ஹாரட்ஸ் கடைலயே சிங்கக்குட்டி வாங்கலாம், 1976ல சட்டம் போட்டு லைசென்ஸ், இன்சூரன்ஸ், டாக்டர் சோதனை எல்லாம் கட்டாயமாக்கினாங்க. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம் ஸேன்ஸ்வில்ல 2011 அக்டோபர்ல ஒருத்தர் தான் வளர்த்த மிருகங்களைக் கூண்டைத் திறந்து விட்டுட்டு தற்கொலை பண்ணிக்கிட்டார், போலீஸ் வேற வழியில்லாம 18 புலி, 17 சிங்கம்னு சுட்டுத் தள்ளிச்சு. அடுத்த வருஷமே ஒஹையோல சட்டம் வந்துச்சு, நாடு முழுக்க தனியார் புதுசா பெரும்பூனை வாங்கறதை நிறுத்த 2022 டிசம்பர் ஆச்சு. அமீரகத்துல 2016லயே தடை. நமக்கும் அப்படி ஒண்ணு நடந்தாத்தான் முழிப்பு வரணுமா?

அதனால நான் கேக்கறது, வீட்டுப் பூனை தவிர பூனைக் குடும்பத்துல எதுக்கு விண்ணப்பம் வந்தாலும் வனத்துறை ஆளும் கால்நடை டாக்டரும் நேர்ல போய்ப் பாத்து, மைக்ரோசிப் போட்டு, குட்டி பொறந்துச்சுன்னு சொன்னா தாயோட டிஎன்ஏவை ஒத்துப் பாத்த பிறகுதான் பதிவு தரணும். செர்வலையும் வீட்டுப் பூனையையும் கலந்து சவானா கேட்னு விக்கறாங்களே, அதுல முதல் நாலு தலைமுறை கலப்பை சைட்டிஸ் (காட்டு உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) காட்டு மிருகமாத்தான் எடுத்துக்குது, இதை விக்கறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் புரியற மாதிரி தமிழ்ல ஒரு சுற்றறிக்கை விடுங்க. ஓனர் பேரெல்லாம் வேண்டாம், எந்த மாவட்டத்துல என்ன மிருகம் எத்தனைன்னு மட்டும் வெளியிடுங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது தெரியணும்ல. இனிமே புதுசா யாரும் வாங்கக்கூடாதுன்னு விதியை மாத்தச் சொல்லி மத்திய அமைச்சகத்துக்கும் நீங்க எழுதணும்.

இந்த மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எழுத்து மூலமா பதில் தரும்படி கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
வண்டலூர் பகுதிவாசி ஒருவர்